15 பார், பராக்!

வீட்டுக்கு ஓர் எஸ்பிரஸ்ஸோ மெஷின் வாங்கலாம் என்று கடைப்பக்கம் ஒதுங்குகிறவர் கண்ணில் முதலில் படுவது மெஷின் இல்லை. ஓர் எண். 15 பார். டப்பாவின் முன்பக்கம், பின்பக்கம், மெஷினின் நெற்றி என்று எல்லா இடத்திலும், அந்தக் காலத்து ராஜாவுக்குக் கட்டியம் கூறுகிற மாதிரி அதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள். பக்கத்திலேயே 20 பார் என்று இன்னொன்று நிற்கும். விலை கொஞ்சம் கூட. பதினைந்தைவிட இருபது பெரியது என்பது எல்.கே.ஜி. பையனுக்கே தெரியும். ஆகவே நாமும் இருபதைக் கைகாட்டி, கார்டை நீட்டிவிடுவோம்.

அந்த எண்ணுக்கும் உங்கள் கோப்பையில் விழப்போகிற காப்பியின் ருசிக்கும் சம்பந்தம் ரொம்பக் கம்மி. இதைச் சொல்லத்தான் இந்த வாரப் பக்கம் முழுவதும்.

முதலில், பார் என்றால் என்ன? அழுத்தத்தின் அளவு. நம் தலைக்கு மேலே இருக்கிற அத்தனை காற்றும் சேர்ந்து நம்மை அழுத்துகிறதல்லவா? கிட்டத்தட்ட அதுதான் 1 பார். எஸ்பிரஸ்ஸோவுக்கு வேண்டியது 9 பார். 90 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்திவைத்தால் அடியில் என்ன அழுத்து அழுத்துமோ, அந்த அழுத்து. இத்தாலியில் எஸ்பிரஸ்ஸோவின் தரத்தைக் காப்பாற்றுவதற்கென்றே 1998-ல் ஒரு தேசியக் கழகம் ஆரம்பித்தார்கள். அவர்கள் போட்டுவைத்த கணக்கு இது: 7 கிராம் தூள், 9 பார் அழுத்தம், 25 விநாடி, கோப்பையில் 25 மில்லி. கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், தப்பில்லை. சமாசாரத்தைக் கண்டுபிடித்தவர்களே ஒன்பது போதும் என்கிறார்கள். அப்புறம் பதினைந்து எதற்கு?

எதற்கும் இல்லை. அது உள்ளே இருக்கும் பம்ப்பின் அதிகபட்சத் திறன். அவ்வளவுதான். உங்கள் பைக்கின் ஸ்பீடாமீட்டரில் 140 வரைக்கும் போட்டிருப்பான். ரங்கநாதன் தெருவில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? உருப்படியான மெஷின்களில், ஒன்பதுக்கு மேல் போகிற அழுத்தத்தைத் திருப்பிவிடுவதற்கென்றே ஒரு வால்வு வைத்திருப்பார்கள். அதாவது, பதினைந்து என்று விற்றுவிட்டு, ஒன்பதாகக் குறைப்பதற்குத் தனியே ஓர் ஏற்பாடு.

இதுகூடப் பரவாயில்லை. இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. எந்த டப்பாவிலும் அதை எழுதமாட்டார்கள். அந்த அழுத்தத்தை உண்டாக்குவது பம்ப் மட்டும் இல்லை. தூள்.

தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ஹோஸ் பைப்பை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், பைப்பின் வாய் திறந்தபடி இருந்தால் தண்ணீர் கொளகொளவென்று காலடியில்தான் விழும். கட்டைவிரலை வைத்து வாயை அடைத்துப் பாருங்கள். எதிர்வீட்டு மாடி வரைக்கும் பீய்ச்சும். எஸ்பிரஸ்ஸோவில் அந்தக் கட்டைவிரல், நீங்கள் அரைத்துப் போடுகிற காப்பித்தூள். சரியான பதத்தில் அரைத்து, சமமாகப் பரப்பி, அழுத்தி வைத்த தூள் தண்ணீரை மறித்து நிற்கவேண்டும். தண்ணீர் முட்டி மோதி உள்ளே நுழைந்து, 25 விநாடியில் சத்தை எடுத்துக்கொண்டு வெளியே வரவேண்டும். தூள் கொரகொரவென்று இருந்தால்? 15 பார் பம்ப் 3 பார்கூடக் காட்டாது. தண்ணீர் பாட்டுக்கு ஓடிப்போய்விடும். கோப்பையில் கிடைப்பது பழுப்புத் தண்ணீர்.

இந்த இடத்தில் ஒரு சின்ன சரித்திரம். 1884-ல் தூரின் நகரத்து ஆஞ்சலோ மோரியோண்டோ நீராவியை வைத்துக் காப்பி இறக்க ஒரு மெஷின் செய்து காப்புரிமை வாங்கினார். 1901-ல் மிலானில் லூயிஜி பெஸ்ஸேரா அதை, ஒவ்வொரு கோப்பையாக உடனுக்குடன் இறக்குகிற மாதிரி மாற்றினார். ரெண்டுமே நீராவி. அழுத்தம் ஒன்றரை பார் வாக்கில்தான் இருக்கும். நுரை கிடையாது. உலகப் போர் முடிந்தபிறகு, 1940-களின் கடைசியில், மிலானில் காப்பிக்கடை வைத்திருந்த அக்கீலே காஜியா ஒரு ஸ்பிரிங்கையும் நெம்புகோலையும் சேர்த்து அழுத்தத்தை ஒன்பதுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அப்போதுதான் காப்பியின் மேல் பொன்னிறத்தில் ஒரு படலம் மிதந்தது. இதென்ன அழுக்கு என்று வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள். இது அழுக்கில்லை ஐயா, க்ரேமா, காப்பியின் பாலாடை என்று பெயர் வைத்து விற்றார் மனிதர். 1961-ல் ஃபயேமா கம்பெனியின் E61 வந்தது. நெம்புகோலுக்குப் பதிலாக மின்சார பம்ப். கைவலி தீர்ந்தது. ஆனால் அந்த ஒன்பது அப்படியே நின்றுவிட்டது. அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் பெரும்பாலான காப்பிக்கடைகளில் அதே ஒன்பதுதான்.

க்ரேமாவைப் பார்த்து முகம் சுளித்த காலம் போய், க்ரேமா இருந்தால்தான் எஸ்பிரஸ்ஸோ என்கிற காலம் வந்தது. இங்கேதான் வியாபாரிகள் ஒரு காரியம் செய்தார்கள்.

விலை குறைந்த மெஷின்களில், தூள் போடுகிற கைப்பிடிக் கரண்டிக்குள் ஒரு கூடை இருக்கும். அதை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். உட்புறத்தில் நூற்றுக்கணக்கான ஓட்டைகள் தெரியும். வெளிப்புறம் திருப்பினால் ஒரே ஓர் ஊசித் துவாரம். இரட்டைச் சுவர்க் கூடை என்று பெயர். தூள் எப்படி இருந்தாலும் சரி, தண்ணீர் அந்த ஒற்றைத் துவாரம் வழியாகத்தான் பீய்ச்சிக்கொண்டு வரவேண்டும். அந்த வேகத்தில் நுரைத்துவிடும். உங்கள் தூள் செய்யவேண்டிய கட்டைவிரல் வேலையைத் துவாரம் செய்கிறது. பார்வைக்கு க்ரேமா. வாயில் வைத்தால் வெறும் நுரை.

நமக்கு இந்த மாதிரி நுரை புதுசில்லை. கல்யாண ரிசப்ஷன் பந்தலில் ‘எக்ஸ்பிரஸோ காப்பி’ என்று ஒரு மெஷின் ஸ்ஸ்ஸென்று சீறிக்கொண்டிருக்குமே, ஞாபகம் இருக்கிறதா? உள்ளே இருப்பது நீராவி பாய்லர். டம்ளரில் இன்ஸ்டன்ட் தூள், சர்க்கரை, பால். அதில் நீராவியை விட்டு நுரைக்கச் செய்து, மேலே ஒரு சிட்டிகைத் தூள் தூவித் தருவார்கள். நானும் வரிசையில் நின்று ரெண்டு ரவுண்டு குடித்தவன்தான். ருசியில் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் அதற்கும் எஸ்பிரஸ்ஸோவுக்கும் பெயரளவில்தான் உறவு. அந்தப் பந்தல் மெஷின்காரர் பாவம், 15 பார் என்று போர்டு வைத்து ஏமாற்றவில்லை.

இரட்டைச் சுவர்க் கூடையே மோசடி என்று நான் சொல்லவில்லை. கடையில் அரைத்த தூளைத்தான் வாங்குவேன், அரைக்கவெல்லாம் நேரமில்லை என்கிறவருக்கு அது ஒரு சௌகரியம். அதை அப்படிச் சொல்லி விற்கலாம். ‘அசல் இத்தாலிய ருசி உங்கள் இல்லத்தில்’ என்று சொல்லி விற்பதில்தான் வருகிறது வம்பு. வாங்கியவர் ஒரு மாதம் குடித்துப் பார்த்துவிட்டு, எஸ்பிரஸ்ஸோ என்றால் இவ்வளவுதானா என்று முடிவுக்கு வந்துவிடுகிறார். மெஷின் பரணுக்குப் போகிறது. பணமும் போய், ஒரு நல்ல பானத்தைப் பற்றிய தப்பான அபிப்பிராயமும் மிச்சமாகிறது.

ஆக, விஷயம் கிரைண்டரில் இருக்கிறது.

மிக்ஸி இருக்கிறதே, போதாதா என்பீர்கள். போதாது. மிக்ஸி அரைப்பதில்லை, வெட்டுகிறது. பிளேடில் பட்டது மாவாகும், தப்பித்தது ரவையாக நிற்கும். மாவிலிருந்து கசப்பு இறங்கும், ரவையிலிருந்து புளிப்பு இறங்கும். ஒரே கோப்பையில் ரெண்டும் சேர்ந்து வந்தால் யார்தான் குடிப்பது? காப்பிக்கு வேண்டியது நம் திருகையின் வம்சம். கீழ்க்கல், மேல்கல், நடுவே ஓர் இடைவெளி. அந்த இடைவெளியைவிடப் பெரிதாக எதுவும் வெளியே வரமுடியாது. கல்லுக்குப் பதில் பல்வைத்த எஃகு வளையங்களைப் போட்டால் அதுதான் பர் கிரைண்டர். காப்பிப்பொடிக் கடையில் மணக்க மணக்க அரைத்துத் தருகிறாரே, அந்த மெஷினும் இந்தக் குடும்பம்தான். ஒரு காலத்தில் நம் வீடுகளில் மேஜை விளிம்பில் முடுக்கிவைத்து, குழந்தைகளை விட்டுச் சுற்றச் சொன்ன கைமெஷினும் இதே குடும்பம்தான்.

அப்படியானால் கடையிலேயே நைஸாக அரைத்து வாங்கிக்கொண்டால் என்ன? நியாயமான கேள்வி. நம் ஃபில்டருக்கு அது சரி. ஃபில்டர் மகா பொறுமைசாலி. சொட்டுச் சொட்டாக அரைமணி நேரம் இறக்கும். பதம் கொஞ்சம் பிசகினாலும் அந்த நேரத்தில் சரிக்கட்டிவிடும். எஸ்பிரஸ்ஸோவுக்கு இருப்பது 25 விநாடி. அதில் சரிக்கட்ட அவகாசமே இல்லை. தவிர, வறுத்த கொட்டை நாளாக நாளாக மாறிக்கொண்டே இருக்கும். திங்கட்கிழமை 28 விநாடி எடுத்த அதே பதம், அடுத்த வாரம் 20 விநாடியில் ஓடிவிடும். அப்போது இன்னும் ஒரு மயிரிழை நைஸாக அரைக்கவேண்டும். கடைக்காரர் அரைத்துக்கொடுத்த தூளை நீங்கள் எப்படி மாற்றுவீர்கள்?

அந்த ‘மயிரிழை’தான் கிரைண்டர் வாங்கும்போது பார்க்கவேண்டியது. இங்கேயும் டப்பாவில் ஓர் எண் இருக்கும். 30 வகை அரைப்பு, 40 வகை அரைப்பு என்று. நாற்பதில் முக்கால்வாசி மற்ற காப்பி வகைகளுக்கு. எஸ்பிரஸ்ஸோவுக்கு உதவுகிற பகுதியில் ரெண்டோ மூன்றோதான் மிஞ்சும். ஒரு படியில் 15 விநாடியில் ஓடும், அடுத்த படியில் 45 விநாடிக்கு முக்கி முனகும். நடுவில் ஒன்றும் கிடையாது. ‘எஸ்பிரஸ்ஸோ பகுதியில் எத்தனை படி?’ என்று கடைக்காரரைக் கேளுங்கள். பதில் தெரியாமல் விழித்தால் அடுத்த கடைக்குப் போங்கள். படியே இல்லாமல், ரேடியோ வால்யூம் மாதிரி எங்கே வேண்டுமானாலும் நிறுத்தக்கூடியது உத்தமம். கையால் சுற்றுகிறதை ஏளனமாகப் பார்க்கவேண்டாம். அதில் மோட்டார் இல்லை. மோட்டாருக்குப் போகிற காசு பல்லுக்குப் போகிறது. அதே விலையுள்ள மின்சார கிரைண்டரைவிடப் பெரும்பாலும் நன்றாகவே அரைக்கும். ஒரே குறை, உங்கள் தோள்பட்டை.

பி.காம். படித்த புத்தி, கணக்குப் போடாமல் தூங்காது. கிரைண்டரும் மெஷினுமாகச் சேர்த்து ஒருவர் 60,000 ரூபாய் செலவழிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். என் யோசனை, அதில் பாதிக்குக் குறையாமல் கிரைண்டருக்கு. தினம் ரெண்டு கோப்பை, 10 வருஷம் ஓட்டினால் 7,300 கோப்பை. ஒரு கோப்பைக்குச் சாதனச் செலவு 8 ரூபாய் சொச்சம். மூன்றே மாதத்தில் பரணில் ஏற்றினால் 180 கோப்பை. ஒன்றுக்கு 333 ரூபாய். ஐந்து நட்சத்திர ஓட்டலுக்குப் போய்க் குடித்திருக்கலாம். ஒரு மெஷின் மலிவா, விலை கூடவா என்று தீர்மானிப்பது விலைச் சீட்டு இல்லை. எத்தனை நாள் தொடுவீர்கள் என்பதுதான்.

காப்ஸ்யூல் மெஷின் இந்தத் தொல்லை எதுவும் இல்லாதது. 1986-ல் நெஸ்பிரஸ்ஸோ ஆரம்பித்துவைத்த வழி. உள்ளே போடு, பொத்தானை அமுக்கு, குடி. அரைக்கிற வேலையைத் தொழிற்சாலையிலேயே முடித்து அடைத்துவிடுகிறார்கள். எனவே தினமும் ஒரே மாதிரி வரும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு காப்ஸ்யூலில் இருப்பது ஏறத்தாழ 5 கிராம் தூள். ஒன்று 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கிலோ 10,000 ரூபாய் ஆகிறது. கிலோ கணக்கில் விலை சொன்னால் ஒருவரும் வாங்கமாட்டார்கள். அதனால்தான் எண்ணிக்கைக் கணக்கில் விற்கிறார்கள். கையில் வசதி இருந்து, காலையில் நேரம் இல்லாதவர் தாராளமாக வாங்கலாம். கிலோ விலை தெரிந்து வாங்கினால் சரி.

மெஷினை வாங்கியே ஆயிற்றா? சரி, உபயோகிப்பது எப்படி என்று பார்ப்போம். முதலில் 0.1 கிராம் காட்டுகிற தராசு ஒன்று வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான். கண்ணளவு, கையளவெல்லாம் ரசத்துக்குச் சரி. ஒற்றைச் சுவர்க் கூடையில் 18 கிராம் தூள், கோப்பையில் 36 கிராம் காப்பி, 25-லிருந்து 30 விநாடி. இன்றைக்குப் பலரும் ஆரம்பித்துப் பார்க்கிற அளவு இது. சீக்கிரமாக ஓடிப் புளித்தால் இன்னும் நைஸாக அரையுங்கள். முக்கிக் கசந்தால் கொஞ்சம் கொரகொரப்பாக்குங்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றவேண்டும். தூளையும் மாற்றி அளவையும் மாற்றினால் எதனால் சரியாயிற்று என்று பிரம்மாவுக்கும் தெரியாது. மெஷினைப் போட்டு கால் மணி நேரமாவது சூடேறவிடுங்கள்.

நைஸாக அரைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. ஓரிகான் பல்கலைக்கழகத்து கிறிஸ்டோபர் ஹெண்டனும் சகாக்களும் 2020-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ரொம்ப நைஸானால் தண்ணீர் எல்லாத் தூளையும் சமமாகத் தொடாமல், இளகின இடமாகப் பார்த்துப் புகுந்து ஓடிவிடுகிறது என்றார்கள். அவர்களே 2023-ல் இன்னொன்றும் சொன்னார்கள். அரைக்கும்முன் கொட்டையில் சில சொட்டுத் தண்ணீர் தெளித்துக் குலுக்கினால், உராய்வில் உண்டாகும் மின்னேற்றம் குறைகிறது, தூள் கட்டி தட்டாமல் விழுகிறது. பத்துப் பைசா செலவில்லை. செய்து பாருங்கள்.

கொட்டை வாங்கும்போது பாக்கெட்டில் வறுத்த தேதியைப் பாருங்கள். வறுத்து ஒரு வாரம் ஆனது, ஒரு மாதம் தாண்டாதது நல்லது. சிக்கரி வேண்டாம். அது வேர். இந்த மெஷினின் கணக்கெல்லாம் காப்பிக்கொட்டைக்குப் போட்டது. இத்தாலியப் பெயர் போட்ட பாக்கெட்டைத் தேடி அலையவும் வேண்டாம். நம் நாட்டுக் காப்பியைப் பல வருஷங்களாக அதிகம் வாங்குகிற தேசமே இத்தாலிதான். நம் ரொபஸ்டா அவர்கள் கலவையில் சேர்ந்து க்ரேமா கொடுக்கிறது. கூர்க்கிலும் சிக்மகளூரிலும் விளைந்ததை ரோமாபுரி சுற்றி வந்தபிறகுதான் குடிப்பேன் என்றால் உங்கள் இஷ்டம்.

தண்ணீர் விஷயத்தில் ஜாக்கிரதை. போர் தண்ணீரை ஊற்றினால் பாத்திரத்தில் படிகிற அதே வெள்ளைச் சுண்ணாம்பு பாய்லருக்குள்ளும் படியும். வாரண்டி அட்டை அப்போது உதவிக்கு வராது. பால் நுரைக்கிற குழாயை உடனுக்குடன் துடைக்கவேண்டும். ஒரு நாள் விட்டால் உள்ளே தயிர்க்கடை.

இப்போது கசப்பான ஒரு விஷயம். காலை ஆறு மணிக்கு, நாலு பேருக்கு, டம்ளர் நிறையப் பால் காப்பி வேண்டும் என்கிற வீட்டுக்கு இந்த மெஷின் ஒத்துவராது. வீட்டுக்கென்று விற்கிற சாதாரண மெஷின்களில் பாய்லர் ஒன்றுதான். காப்பி இறக்க ஒரு சூடு, நீராவிக்கு அதைவிட அதிகச் சூடு. ஒன்று முடிந்து மற்றதற்கு மாறக் காத்திருக்கவேண்டும். நாலாவது டம்ளர் வருவதற்குள் முதல் டம்ளர்க்காரர் ஆபீஸுக்கே போயிருப்பார். காத்திருக்கிறவர் பேப்பர் படிப்பார். அடுப்படியில் நிற்கிறவர் யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை. மெஷினை ஆசைப்பட்டு வாங்குவது ஒருவர், தினமும் கழுவித் துடைப்பது இன்னொருவர் என்றால் அந்த வீட்டுக்கு எந்த பாரும் உதவாது. இத்தாலிக்காரர்களே தலைமுறை தலைமுறையாக எஸ்பிரஸ்ஸோவைத் தெருமுனைக் கடையில் நின்று குடித்துவிட்டு, வீட்டில் அடுப்பின்மேல் மோக்கா பானையைத்தான் வைத்துக்கொண்டிருந்தார்கள். 1933-ல் வந்த அந்தப் பானை அவர்கள் ஊர் ஃபில்டர்.

பால் சேர்க்காமல் ஒரு மடக்கு, அல்லது பொறுமையாக ஒரு காப்புச்சினோ, அதற்காக தினமும் பத்து நிமிஷம் தானே நின்று அரைத்து, இறக்கி, கழுவி வைக்கத் தயார் என்கிறவருக்கு இது அருமையான சாதனம். நீங்கள் அவர்தானா என்று கண்டுபிடிக்க ஒரு சிக்கனமான வழி சொல்கிறேன். மெஷினை இப்போது வாங்காதீர்கள். எஸ்பிரஸ்ஸோ பதத்துக்கும் அரைக்கக்கூடிய ஒரு நல்ல கைக்கிரைண்டரும் கால் கிலோ கொட்டையும் மட்டும் வாங்குங்கள். அன்றன்றைக்கு அரைத்து, இருக்கிற ஃபில்டரிலேயே போட்டுக் குடியுங்கள். மூன்று மாதம். அலுத்துப்போனால், மெஷினுக்கான காசு உங்கள் பாக்கெட்டில் பத்திரமாக இருக்கும். அலுக்காமல் தினமும் சுற்றிக்கொண்டிருந்தால், போய் மெஷினை வாங்குங்கள். எப்படியானாலும் அந்த மூன்று மாதமும் வீட்டில் ஃபில்டர் காப்பி நன்றாக இருக்கும்.

அதற்குள் கடையில் 30 பார் மெஷின் வந்திருக்கும். வரட்டும்.